கூட்டுடைமை யாருக்கு? பீற் றொசெலும் அமெரிக்க விளையாட்டு ஒளிபரப்பு வணிகத்தின் வளர்ச்சியும் (1960–1989)

1. தோற்றுவாய்

பண்பாட்டு வரலாறு பற்றிய நமது ஆய்வுகள் பெரும்பாலும் இலக்கியம், நாடகம், இசை, திரைப்படம் ஆகியவற்றோடு அமைந்துவிடுகின்றன. உழைக்கும் மக்கள் தமது ஓய்வுநேரத்திற் கணிசமான பகுதியைச் செலவிடும் விளையாட்டுத்துறை ஆய்வாளரின் கவனத்தை அரிதாகவே ஈர்த்துள்ளது. திரினிடாட்டைச் சேர்ந்த மார்க்சிய அறிஞரான சி. எல். ஆர். ஜேம்ஸ் கிரிக்கெற் பற்றி 1963இல் வெளியிட்ட நூல், ஒரு விளையாட்டின் வரலாற்றினூடாகக் குடியேற்ற நாடொன்றின் வர்க்க, இன உறவுகளைத் துலக்கமாகக் காணலாம் என்பதை நிறுவியது. அவ்வழியிற் செல்ல முற்படும் இக்கட்டுரை, மைதானத்தில் ஆடியவரை விடுத்து, ஆட்டத்தை விலைபேசி விற்றவர் ஒருவரை ஆய்வுப்பொருளாகக் கொள்கின்றது.

ஐக்கிய அமெரிக்காவின் தேசிய உதைபந்தாட்ட லீக்கின் ஆணையாளராக 1960 தொடக்கம் 1989 வரை கடமையாற்றிய பீற் றொசெல் என்பவரே அவர். நாம் உதைபந்தாட்டம் என வழங்குவது வேறு. அமெரிக்கர் அப்பெயரால் வழங்குவது முட்டையுருவான பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடுகின்ற, உடல் மோதல் மிகுந்த ஆட்டமாகும்.

தனிமனிதரின் திறமையைக் கொண்டு வரலாற்றை விளக்கும் போக்கு மேலைநாட்டு விளையாட்டு எழுத்தில் ஆழ வேரூன்றியுள்ளது. றொசெல் பற்றிய எழுத்துகளுட் பல அவரை ஒரு தீர்க்கதரிசியாகவே சித்திரிக்கின்றன. அவரது ஆற்றலை நாம் மறுக்கவில்லை. அவ்வாற்றல் எத்தகைய சமூக நிலைமைகளிற் செயற்பட்டது, எவ்வர்க்கத்தின் தேவையை நிறைவுசெய்தது, அதன் விலையைச் செலுத்தியோர் யாவர் என்பனவே நாம் எழுப்பும் வினாக்கள்.

2. பிரசாரப் பணியிலிருந்து ஆணையாளர் பதவிக்கு

றொசெல் 1926ஆம் ஆண்டு கலிபோர்னியா மாநிலத்திற் பிறந்தவர். இரண்டாம் உலக யுத்தத்தின் இறுதிக்கட்டத்திற் கடற்படையிற் சேவையாற்றிய பின்னர் சான்பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்திற் பயின்று 1950இற் பட்டம் பெற்றார். அப்பல்கலைக்கழகத்தின் விளையாட்டுப் பிரசாரப் பொறுப்பையும் அவர் வகித்தார். 1952இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் அணியின் பிரசார அலுவலரானார். 1955இல் அதனை விட்டு மக்கள் தொடர்பு நிறுவனமொன்றிற் பணியாற்றி, 1957இல் அதே அணிக்குப் பொது முகாமையாளராகத் திரும்பினார். இவ்வாழ்க்கைக் குறிப்பில் ஓர் உண்மை மனங்கொள்ளத்தக்கது. அவர் தொழில்முறை ஆட்டக்காரராகவோ பயிற்றுநராகவோ அணியொன்றின் உடைமையாளராகவோ இருந்தவரல்லர். அவர் கற்ற தொழில் பிரசாரம் ஒன்றே.

மூலதனத்தின் மூன்றாம் தொகுதியில் மார்க்ஸ், முதலாளித்துவம் வளர வளர நிருவாகப் பணி உடைமையிலிருந்து பிரிந்து செல்வதைச் சுட்டிக்காட்டுகின்றார். வாத்தியக் குழுவை நெறிப்படுத்துபவர் வாத்தியங்களுக்கு உடைமையாளராயிருக்க வேண்டியதில்லை என்பது அங்கு அவர் கையாளும் உவமை. றொசெலின் வாழ்க்கை அவ்வுவமைக்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

1959 ஒக்ரோபரில், பிலடெல்பியாவில் ஆட்டமொன்றைப் பார்த்துக்கொண்டிருக்கையில் அன்றைய ஆணையாளர் பேட் பெல் காலமானார். அவருக்குப் பின் வரவேண்டியவரைத் தெரிவதற்கு 1960 சனவரியில் மயாமி பீச்சிற் கூடிய உடைமையாளர்கள் இரு பிரிவினராகப் பிளவுபட்டு நின்றனர். இறுதியில் இருபத்துமூன்றாவது வாக்கெடுப்பிலேயே, இரு பகுதியினரும் ஏற்கத்தக்க ஒருவராக, முப்பத்துமூன்று வயதினரான றொசெல் தெரிவானார். பிலடெல்பியாவின் புறநகரொன்றில் இயங்கிய லீக்கின் தலைமையகத்தை அவர் நியூயோர்க்கிற்கு மாற்றினார். விளம்பர நிறுவனங்களும் ஒளிபரப்பு நிறுவனங்களும் குவிந்திருந்த நகரம் அது. ஆட்டத்தின் தலைமையகம் மைதானங்களை விட்டு விளம்பரச் சந்தையின் அருகே குடியேறியமை தற்செயலானதன்று.

1950இல் அமெரிக்கக் குடும்பங்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பதிலேயே தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. 1960இல் அது நூற்றுக்கு எண்பத்தேழாக உயர்ந்தது. 1958 டிசம்பரில் பால்ரிமோர், நியூயோர்க் அணிகள் மோதிய இறுதியாட்டத்தை நாடெங்கும் ஏறத்தாழ 4 கோடி 50 இலட்சம் பேர் தொலைக்காட்சியிற் கண்டனர். நாடளாவிய பார்வையாளர் கூட்டம் தயாராயிருந்தது. அக்கூட்டத்தை முறையாக விற்பதற்கான அமைப்பு மட்டுமே இன்னும் தோன்றவில்லை.

3. கூட்டு விற்பனையும் 1961ஆம் ஆண்டுச் சட்டமும்

றொசெல் பதவியேற்றபோது ஒவ்வோர் அணியும் தனது ஒளிபரப்பு உரிமையைத் தானே விற்றுவந்தது. இதனால் நியூயோர்க், சிகாகோ, லொஸ் ஏஞ்சல்ஸ் போன்ற பெருநகர்களின் அணிகள் கூடுதலாகவும் சிறுநகர் அணிகள் மிகக் குறைவாகவும் வருமானம் பெற்றன. எல்லா அணிகளின் உரிமைகளையும் ஒருசேர ஒரே நிறுவனத்துக்கு விற்று, பெறும் தொகையைச் சமமாகப் பங்கிடுவதே றொசெல் முன்வைத்த திட்டம். இக்கருத்து அவர் மூளையில் முதன்முதல் உதித்ததன்று. 1960இல் ஆட்டங்களைத் தொடங்கிய போட்டி அமைப்பான அமெரிக்க உதைபந்தாட்ட லீக், ஏ.பி.சி. நிறுவனத்துடன் அத்தகைய ஒப்பந்தத்தை ஏற்கெனவே செய்திருந்தது. றொசெலின் சாதனை, கூடிய வருமானம் பெற்றுவந்த பெருநகர் உடைமையாளரை இதற்கு இணங்கவைத்தமையே. இன்று சற்று இழப்பவர் நாளை பன்மடங்கு பெறுவர் என்ற அவரது வாதம் வெற்றிபெற்றது.

எனினும் நாட்டின் சட்டம் குறுக்கே நின்றது. வணிகர் தமக்குள் கூடி விலை நிர்ணயிப்பதையும் தனியாதிக்கம் பெறுவதையும் தடுக்கும் சட்டங்கள் அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் நிலவிவருகின்றன. இவற்றின் அடிப்படையில் 1953இல் லீக்குக்கு எதிராகத் தீர்ப்பளித்த பிலடெல்பியா நீதிபதி அலன் கிறிம், 1961 யூலையில் சி.பி.எஸ். நிறுவனத்துடன் றொசெல் செய்த கூட்டு ஒப்பந்தத்தையும் செல்லாதென அறிவித்தார்.

தீர்ப்பு பாதகமானபோது றொசெல் சட்டத்தையே மாற்ற முற்பட்டார். பாராளுமன்றத்துக்கு ஒப்பான அமெரிக்கக் கொங்கிரஸ் சில வாரங்களுக்குள் விளையாட்டு ஒளிபரப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதே ஆண்டு செப்ரெம்பர் 30ஆம் நாள் சனாதிபதி கென்னடி அதிற் கையொப்பமிட்டார். உதைபந்தாட்டம் உட்பட நான்கு தொழில்முறை விளையாட்டுகளின் லீக்குகள் ஒளிபரப்பு உரிமையைக் கூட்டாக விற்பதை இச்சட்டம் அனுமதித்தது. தீர்ப்பு வெளிவந்து மூன்று மாதங்கள் முழுமையடையுமுன் ஒரு நாட்டின் சட்டம் சில உடைமையாளரின் பொருட்டுத் திருத்தப்பட்டமை, அரசுக்கும் மூலதனத்துக்கும் உள்ள உறவை நன்கு விளக்குகின்றது.

இதன் விளைவைச் சில எண்கள் காட்டும். 1962இற் செயற்பட்ட சி.பி.எஸ். ஒப்பந்தம் ஆண்டொன்றுக்கு 46 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் பெறுமதியானது. 14 அணிகளுள் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 3 இலட்சத்து 30 ஆயிரம் டொலர் கிடைத்தது. 1964இல் ஆண்டுத் தொகை 1 கோடி 41 இலட்சமாகி, அணியொன்றின் பங்கு பத்து இலட்சத்தை எட்டியது. 1982இல் மூன்று பெரும் ஒளிபரப்பு நிறுவனங்களுடனும் செய்யப்பட்ட ஐந்தாண்டு ஒப்பந்தங்களின் பெறுமதி ஏறத்தாழ 210 கோடி டொலர். அப்போதிருந்த 28 அணிகளுக்குப் பங்கிட்டால் அணியொன்றுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி வரும். இவ்விருபது ஆண்டுகளில் அமெரிக்காவின் நுகர்வுப்பொருள் விலைகள் ஏறத்தாழ மூன்று மடங்காகின. அணியின் ஒளிபரப்பு வருமானமோ நாற்பத்தைந்து மடங்கானது.

இரு லீக்குகளுக்குமிடையிலான போட்டியும் இதே வழியில் முடிவுற்றது. சிறந்த ஆட்டக்காரரைக் கவர்வதற்கு இரு பகுதியினரும் போட்டியிட்டமையாற் சம்பளங்கள் உயர்ந்தன. 1966 யூனில் இரண்டும் இணைவதாக அறிவித்தன. இணைப்புக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டியிருந்தது. கீழ்ச்சபையின் நீதித்துறைக் குழுத் தலைவர் இமானுவேல் செல்லர் இதற்கு இடங்கொடாதபோது, முதலீட்டு வரிச் சலுகை தொடர்பான சட்டமூலமொன்றோடு இவ்விலக்களிப்பு இணைக்கப்பட்டு நிறைவேற்றப்பட்டது. அதற்கு முன்னின்றுழைத்த ஹேல் பொக்ஸ், றசல் லோங் ஆகிய இருவரும் லூசியானா மாநிலத்தைச் சேர்ந்தவர்கள். அதே 1966 நவம்பரில் அம்மாநிலத்தின் நியூ ஓர்லியன்ஸ் நகருக்குப் புதிய அணியொன்று வழங்கப்பட்டது. இணைப்பினால், ஆட்டக்காரர் தமது உழைப்பு ஆற்றலை விற்கக்கூடிய சந்தை மீண்டும் ஒரே கொள்வனவாளரின் கைக்குட்பட்டது.

4. விற்கப்பட்டது எது?

ஒளிபரப்பு நிறுவனம் பணங்கொடுத்து வாங்கிய பண்டம் யாது? ஆட்டம் என்பது மேலெழுந்தவாரியான விடை. கனடிய அறிஞர் டலஸ் சிமித் 1977இல் எழுதிய கட்டுரையொன்றில், வணிகத் தொலைக்காட்சி உற்பத்திசெய்து விளம்பரதாரருக்கு விற்கும் பண்டம் பார்வையாளரே என வாதிட்டார். நிகழ்ச்சி, பார்வையாளரைத் திரட்டுவதற்கான சாதனம் மட்டுமே. இக்கருத்து பற்றி மார்க்சியரிடையே விவாதங்கள் உண்டு. பார்வையாளரின் கவனத்தை உழைப்பெனக் கொள்வது பொருந்துமா என்பது அவற்றுள் முதன்மையானது. எனினும் றொசெலின் செயற்பாடுகளை விளங்கிக்கொள்வதற்கு இக்கருத்து பெரிதும் உதவுகின்றது.

அணிகளின் பெயரையும் சின்னத்தையும் ஆடைகளிலும் பாவனைப் பொருள்களிலும் பொறித்து விற்பதற்கு 1963இல் தனி நிறுவனமொன்று அமைக்கப்பட்டது. 1965இல், எட் சபோல் என்பவரின் சிறு படப்பிடிப்பு நிறுவனத்தை லீக் தனதாக்கிக்கொண்டது. மெதுவான இயக்கக் காட்சிகள், கம்பீரமான இசை, காப்பிய நடையிலமைந்த வருணனை ஆகியவற்றால் அந்நிறுவனம் சாதாரண ஆட்டங்களை வீரகதைகளாக்கியது. இலக்கிய மாணவராகிய நமக்கு இது சுவையான செய்தி. மரபுவழிச் சமுதாயத்தில் வீரகதை மக்கட் கூட்டத்தின் நினைவிலிருந்து பிறந்தது. இங்கு அது வணிக நிறுவனமொன்றின் படத்தொகுப்பு அறையிற் பிறந்து, மக்களின் நினைவாக விநியோகிக்கப்பட்டது.

1967 சனவரி 15ஆம் நாள் லொஸ் ஏஞ்சல்சில் நடைபெற்ற முதலாவது பெரு இறுதியாட்டம், பின்னர் சுப்பர் போல் எனப் புகழ்பெற்றது. அன்று ஏறத்தாழ 62,000 பேர் வந்திருந்தனர். மைதானத்தின் ஆசனங்களில் மூன்றிலொரு பங்கு வெறுமையாயிருந்தது. ஆயினும் சி.பி.எஸ்., என்.பி.சி. ஆகிய இரு நிறுவனங்களும் ஒரே வேளையில் அதனை ஒளிபரப்பின. லொஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்து மக்களுக்கு மட்டும், நுழைவுச்சீட்டு விற்பனையைக் காக்கும் பொருட்டு, ஒளிபரப்பு மறுக்கப்பட்டது. ஆட்டம் நிகழும் ஊரவர் அதனை வீட்டிலிருந்து காண முடியாது என்ற இவ்விதியைத் தளர்த்துவதற்கு 1973இற் கொங்கிரஸ் தனிச்சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. அன்று அரை நிமிட விளம்பரமொன்றின் விலை ஏறத்தாழ 40,000 டொலர். 2024இல் அது ஏறத்தாழ 70 இலட்சம் டொலர்.

1970 செப்ரெம்பரில் ஏ.பி.சி. நிறுவனத்துடன் தொடங்கிய திங்கள் இரவு ஆட்டங்கள் மற்றொரு படியாகும். ஆட்ட நாள் ஞாயிறு என்ற வழக்கத்தைக் கடந்து, வேலைநாளின் மாலைப்பொழுதும் இச்சந்தைக்குள் ஈர்க்கப்பட்டது. மைதானத்தில் ஆட்டம் நிகழும் நேரத்தைத் தொலைக்காட்சியின் கால அட்டவணையே தீர்மானிக்கத் தொடங்கியது.

5. உழைப்பவர் நிலை

உடைமையாளர் தமக்குள் கூட்டாகச் செயற்பட்டனர் என்று கண்டோம். அதே உரிமை ஆட்டக்காரருக்கு இருந்ததா என்பதே இக்கட்டுரையின் மைய வினா.

ஒப்பந்தக் காலம் முடிவுற்ற ஆட்டக்காரர் வேறோர் அணியிற் சேர்ந்தால், அவ்வணி பழைய அணிக்கு இழப்பீடு வழங்க வேண்டும். இரு அணிகளும் உடன்படாவிடின் ஆணையாளரே இழப்பீட்டைத் தீர்மானிப்பார் என 1963இல் விதிக்கப்பட்டது. இது றொசெல் விதி என்றே பெயர்பெற்றது. எத்தகைய இழப்பீடு விதிக்கப்படுமோ என்ற அச்சத்தால், பிற அணியினர் இவ்வாறு விடுபட்டவரை ஏற்கத் தயங்கினர். சட்டப்படி சுதந்திரமானவர் நடைமுறையிற் பழைய அணியோடு பிணைக்கப்பட்டார். தனது உழைப்பாற்றலைச் சுதந்திரமாக விற்கும் உரிமையே முதலாளித்துவம் தொழிலாளிக்கு அளித்த முதல் உரிமை. இங்கு அதுவும் குறைக்கப்பட்டிருந்தது.

ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவராயிருந்த கறுப்பின வீரர் ஜோன் மக்கி இவ்விதிக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், 1975 டிசம்பரிலும் மேன்முறையீட்டில் 1976இலும் ஆட்டக்காரர் வென்றனர். ஆயினும் 1977ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் வேறு நன்மைகளுக்கு ஈடாக இழப்பீட்டு முறை புதிய வடிவில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. நீதிமன்றத்திற் பெற்ற வெற்றி, தொழிற்சங்கத்தின் பலவீனத்தாற் பேச்சுவார்த்தை மேசையிற் கரைந்துபோயிற்று.

1982இல் ஆட்டக்காரர் 57 நாட்கள் வேலைநிறுத்தஞ் செய்தனர். எட் கார்வி தலைமையிலான சங்கம், லீக்கின் மொத்த வருமானத்தில் நூற்றுக்கு ஐம்பத்தைந்து பங்கை ஆட்டக்காரருக்கென ஒதுக்குமாறு முதலிற் கோரியது. இக்கோரிக்கையின் தன்மை கவனிக்கத்தக்கது. ஒளிபரப்புப் பணத்தை உடைமையாளர் எவ்வாறு கூட்டாகப் பெற்றுப் பங்கிட்டனரோ, அவ்வாறே தாமும் ஓர் அணியாக நின்று பங்கு பெறவேண்டும் என்பதே அதன் பொருள். அப்பங்கு கிட்டவில்லை. குறைந்தபட்சச் சம்பளத் திட்டம், பணிவிலகற் கொடுப்பனவு முதலிய சில சலுகைகளுடன் வேலைநிறுத்தம் முடிந்தது. 1987இல் மீண்டும் 24 நாட்கள் வேலைநிறுத்தம் நிகழ்ந்தபோது, அணிகள் கருங்காலி ஆட்டக்காரரைக் கொண்டு மூன்று வாரங்கள் ஆட்டங்களை நடத்தின. தொலைக்காட்சி நிறுவனங்கள் அவற்றை ஒளிபரப்பின. ஒளிபரப்பு வருமானம் வேலைநிறுத்தத்தை முறியடிக்கும் ஆயுதமாயிற்று. இப்பேச்சுவார்த்தைகளை உடைமையாளரின் முகாமைக் கழகமே நடத்தியது. றொசெல் பெரும்பாலும் ஒதுங்கி நின்றார். ஆனால் உடைமையாளர் தாக்குப்பிடிப்பதற்கான பொருளாதாரப் பலத்தை அளித்தவை அவர் பெற்றுத்தந்த ஒப்பந்தங்களே. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் ஓரளவு சுதந்திரமாக அணி மாறும் உரிமை, அவர் ஓய்வுபெற்ற பின்னர், 1993ஆம் ஆண்டு உடன்பாட்டினாலேயே கிடைத்தது. அதனோடு சம்பள உச்சவரம்பும் சேர்ந்தே வந்தது.

மூலதனத்தின் அதே மூன்றாம் தொகுதியில் மார்க்ஸ், தமக்குள் போட்டியிடுகையிற் சிறிதும் அன்பு பாராட்டாத முதலாளிகள் தொழிலாளி வர்க்கத்தின் முன் ஓர் இரகசியச் சகோதரத்துவமாக ஒன்றுசேர்வதைக் குறிப்பிடுகின்றார். றொசெலின் லீக் அச்சகோதரத்துவத்துக்கு எழுத்திலமைந்த யாப்பும் அலுவலகமும் அளித்தது எனலாம்.

உழைப்பவர் செலுத்திய விலை சம்பளத்தோடு முடியவில்லை. தலையில் ஏற்படும் தொடர்ச்சியான மோதல்கள் மூளையைச் சிதைக்கின்றன என்பது, நைஜீரியாவிற் பிறந்த மருத்துவர் பெனற் ஒமாலு, றொசெல் காலத்தில் ஆடிய மைக் வெப்ஸ்ரரின் மூளையை ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பின்னரே பரவலாக அறியப்பட்டது. ஜோன் மக்கியும் தமது பிற்காலத்தில் நினைவாற்றலை இழந்தார். நினைவிழந்த முன்னாள் ஆட்டக்காரரின் பராமரிப்புக்கென 2007இல் ஏற்படுத்தப்பட்ட திட்டம், அவரது ஆடையிலக்கமான 88இன் பெயரைத் தாங்கியது. மக்கி 2011இற் காலமானார். றொசெல் விதியை நீதிமன்றத்தில் வீழ்த்தியவர், தாம் போராடிய கதையையே நினைவுகூர முடியாதவராக இறந்தார். படத்தொகுப்பு அறையிற் புனையப்பட்ட வீரகதையில் இடம்பெறாத பகுதி இது.

6. முரண்பாடுகள்

றொசெலின் அமைப்பை வெறும் சூழ்ச்சியெனத் தள்ளிவிடுதல் இயங்கியல் நோக்காகாது. சமபங்கு முறையினாற் பயன்பெற்ற அணிகளுட் கிறீன் பே பக்கர்ஸ் குறிப்பிடத்தக்கது. விஸ்கொன்சின் மாநிலத்தின் சிறுநகரொன்றைச் சேர்ந்த இவ்வணி, 1923 தொடக்கம் பல்லாயிரம் பங்குதாரரைக் கொண்ட, இலாப நோக்கற்ற பொது அமைப்பாக இயங்கிவருகின்றது. கூட்டு ஒப்பந்தம் இல்லாதிருப்பின் பெருநகர் அணிகளோடு அது நின்றுபிடித்திருத்தல் அரிது. வருமானத்தைச் சமமாகப் பங்கிடின் தொழில் அழியாது, வளரவே செய்யும் என்பதற்கு, முதலாளித்துவத்தின் தாயகத்திலேயே முதலாளிகள் வழங்கிய சான்று இது. தாம் குடியரசுக் கட்சியினராயிருந்தும் சோசலிசத்துக்கே வாக்களிப்பதாக அணி உடைமையாளர் ஒருவர் நகைச்சுவையாகக் கூறியது பலரும் அறிந்தது. அந்நகைச்சுவையில் உண்மையுண்டு, கூட்டுடைமையின் எல்லை உடைமையாளரின் கூட்ட அறைக் கதவோடு முடிந்தது என்பதே அதில் விடுபட்டது.

அவ்வறைக்குள்ளும் ஒற்றுமை நிலைக்கவில்லை. ஓக்லாந்து அணியின் அல் டேவிஸ், லீக்கின் விருப்பத்துக்கு மாறாக, 1982இல் தமது அணியை லொஸ் ஏஞ்சல்சுக்குக் கொண்டுசென்றார். நீதிமன்றம் அவருக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தது. 1986இற் புதிய போட்டி லீக்கொன்று தொடுத்த வழக்கில், றொசெலின் லீக் தனியாதிக்கம் செலுத்துகின்றதென யூரிமார் கண்டனர். ஆயினும் விதித்த நட்டஈடு ஒரு டொலர், சட்டப்படி மும்மடங்காகி மூன்று டொலர். இத்தகைய வழக்குகளாற் களைப்புற்ற றொசெல் 1989 மார்ச்சில் ஓய்வை அறிவித்து, நவம்பரிற் பதவி துறந்தார். 1996இற் காலமானார்.

7. முடிவுரை

றொசெல் அமைத்த முறை அவரோடு மறையவில்லை. 2021இல் லீக் அறிவித்த ஒளிபரப்பு ஒப்பந்தங்கள் பதினோர் ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 11,000 கோடி டொலர் பெறுமதியானவை. அம்முறை நமது பிராந்தியத்துக்கும் வந்துவிட்டது. 2008இல் தொடங்கிய இந்தியன் பிரீமியர் லீக், ஒளிபரப்பு உரிமையை மையமாக விற்று அணிகளுக்குப் பங்கிடும் அமெரிக்க முறையையே தழுவியது. 2023 முதல் 2027 வரையிலான அதன் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி இந்திய ரூபாவுக்கு விலைபோனது. கண்டியிற் பிறந்த முத்தையா முரளிதரன் 2008ஆம் ஆண்டு ஏலத்திற் சென்னை அணியால் 'வாங்கப்பட்டார்' எனப் பத்திரிகைகள் எழுதியபோது, அச்சொல் நமக்கு உறுத்தவில்லை. பண்ட உறவு நமது மொழிவழக்கினுள் எத்துணை இயல்பாகக் குடியேறிவிட்டது என்பதற்கு அதுவே சான்று.

இதுகாறும் நோக்கியவற்றிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம். ஒளிபரப்பு வணிகம் விளையாட்டை வளர்த்தது என்பதும் கெடுத்தது என்பதும் ஒருதலைப்பட்சமான கூற்றுகள். கூட்டாகச் செயற்படுதலும் பெற்றதைச் சமமாகப் பகிர்தலும் பெரும் ஆக்கச் சக்திகள் என்பதை றொசெலின் தொழில்வாழ்க்கை ஐயத்துக்கிடமின்றி நிறுவுகின்றது. அச்சக்திகள் உடைமையாளருக்கு மட்டும் சட்டத்தால் அனுமதிக்கப்பட்டு, ஆடுபவருக்கு மறுக்கப்பட்டு, பார்ப்பவருக்கு எண்ணத்திலும் தோன்றாதவாறு மறைக்கப்பட்டன என்பதே வரலாறு. பார்வையாளரும் ஆட்டக்காரரும் தமது ஆட்டத்தின் மீது உரிமை கோரிய முயற்சிகள், கிறீன் பே தொடக்கம் நமது கிராமத்து விளையாட்டுக் கழகங்கள் வரை, பல இடங்களிற் சிறு அளவிலேனும் நிகழ்ந்துள்ளன. அவற்றின் வரலாறு விரிவாக எழுதப்பட வேண்டியது. அப்பணியை இளம் ஆய்வாளர்கள் மேற்கொள்ளின், விளையாட்டு வரலாறு நிருவாகிகளின் சாதனைப் பட்டியலாக இருக்கும் நிலை மாறும்.